பேக்கப் மென்பொருளுக்கு ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லையா? சாவியை யாரிடம் கொடுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஐந்து கணினி உள்ள ஒரு கணக்கு அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். டாலி ஒரு கணினியில், ஸ்கேன் செய்த பில்கள் இன்னொன்றில், மூலையில் இரண்டு டிஸ்க் போட்ட ஒரு நாஸ் பெட்டி, அதாவது எல்லாக் கணினிக்கும் நெட்வொர்க் வழியே பொதுவான சேமிப்பிடம். பகலில், நாஸின் ஷேர் ஃபோல்டரோடு இணைத்த இசட் டிரைவைத் திறந்தால் நாஸில் உள்ளதெல்லாம் தெரிகிறது. இரவு 11 மணிக்கு ஓட வேண்டிய பேக்கப் மட்டும் காலையில் 'பாதை கிடைக்கவில்லை' என்று சிவப்பில் நிற்கிறது. பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றியும் அதே கதை.

பாஸ்வேர்டு சரியாகவே இருக்கும். கதவைத் தட்டும் ஆள்தான் வேறு. பெரும்பாலான பேக்கப் மென்பொருள்கள் விண்டோஸில் சர்வீஸாக, அதாவது யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில், 'லோக்கல் சிஸ்டம்' என்ற கணக்கில் ஓடுகின்றன. இசட் டிரைவோ நீங்கள் லாகின் செய்யும்போது உங்களுக்காக மட்டும் ஒட்டப்படும் எழுத்து. சர்வீஸின் கண்ணுக்கு அப்படியொரு டிரைவே கிடையாது. லோக்கல் சிஸ்டம் தன் கணினிக்குள் ராஜா. வாசலைத் தாண்டினால் அதை யாருக்கும் தெரியாது. எல்லாக் கணக்குகளையும் ஒரே சர்வர் நிர்வகிக்கும் டொமைன் உள்ள பெரிய அலுவலகத்தில் அது கணினியின் பெயரிலாவது போய் நிற்கும். டொமைன் இல்லாத சின்ன அலுவலகத்தில் அந்தப் பெயரை நாஸ் கேள்விப்பட்டதே இல்லை.

இதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு, எல்லாவற்றிலும் பேக்கப் ஓடும். நாஸின் சாவி கடைசியில் யார் கையில் தங்குகிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் ஒரு கணினிக்குள் நுழைந்தால் பேக்கப் தப்புமா என்பதும் அதைப் பொறுத்ததே.

தேர்வுக்கு முன் பிழை எண்

மென்பொருள் காட்டும் நீண்ட ஆங்கில வாக்கியத்தை விட்டுவிட்டு எண்ணைத் தேடுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் 'நெட் யூஸ்' கட்டளையோடு \\192.168.1.50\பேக்கப் என்பது போன்ற முழுப் பாதையைக் கொடுத்தால் எண் வந்துவிடும். இதை இரண்டு முறை செய்ய வேண்டும். முதலில் உங்கள் லாகினில். அடுத்து, மைக்ரோசாஃப்டின் சிஸின்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள பிஎஸ்எக்ஸெக் கருவியை 'எஸ்', 'ஐ' சுவிட்சுகளோடு ஓட்டி, லோக்கல் சிஸ்டம் பெயரில் திறக்கும் கறுப்புத் திரையில். முதலாவதில் திறந்து இரண்டாவதில் மறுத்தால் நெட்வொர்க்கில் குறையில்லை. கணக்குதான் பிரச்சினை.

53 என்றால் அந்த முகவரியில் பதில் சொல்ல யாரும் இல்லை. 67 என்றால் பெரும்பாலும் ஷேர் பெயரில் எழுத்துப்பிழை. 1326 என்றால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 1327 பெரும்பாலும் பாஸ்வேர்டே வைக்காத கணக்கு. காலி பாஸ்வேர்டோடு நெட்வொர்க் வழியே நுழைய விண்டோஸ் விடாது. 5 வந்தால் ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது, அனுமதிதான் இல்லை. விண்டோஸ் ஷேரில் அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது: ஷேரிங் தாவலில் ஒன்று, செக்யூரிட்டி தாவலில் ஒன்று. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். 1219 என்றால் அதே நாஸுக்கு அதே லாகினில் வேறொரு பயனர் பெயரில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது. பெயருக்குப் பதில் ஐபி எண்ணைப் போட்டால் விண்டோஸ் அதை வேறு சர்வராக எண்ணிக்கொண்டு விட்டுவிடும். அசிங்கமான தந்திரம், ஆனால் வேலை செய்யும்.

53 இந்தப் பக்கத்தில் அதிகம் வருவதற்கு ஒரு எளிய காரணம் ரூட்டர் மாற்றம். பழைய ரூட்டர் 192.168.1 வரிசையில் எண் கொடுத்திருக்கும். புது ஃபைபர் இணைப்பின் ரூட்டர் 192.168.29 வரிசையில் கொடுக்கக்கூடும். நாஸில் கையால் எழுதிவைத்த பழைய எண் அப்படியே இருந்தால், பெட்டியில் பச்சை விளக்கு எரியும், எட்டத்தான் முடியாது. கூடவே விண்டோஸ் புது ரூட்டரைப் புது இடமாகக் கருதி நெட்வொர்க்கை 'பப்ளிக்' வகையில் போட்டுவிடும். அதோடு ஃபைல் ஷேரிங்குக்கான ஃபயர்வால் வாசல் அடைபடும். இதற்காக ஃபயர்வாலையே அணைக்க வேண்டாம். வகையை 'பிரைவேட்' ஆக்கி, நாஸைத் தானாக எண் வாங்கும்படி மாற்றி, அந்த எண்ணை ரூட்டரின் டிஹெச்சிபி ரிசர்வேஷனில் (ஒரு பெட்டிக்கு எப்போதும் ஒரே எண்ணைத் தரும் வசதி) கட்டிப்போட்டால் போதும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கொண்டு ஃபைல் ஷேரிங் நடக்கும் 445 போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இன்னொரு பொறி பின் எண். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்யும் கணினியின் ஷேரைத் திறக்க அந்த நான்கு இலக்கப் பின் உதவாது. அது அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். பலருக்கு அசல் பாஸ்வேர்டு மறந்தே போயிருக்கும். பேக்கப்புக்கென்று தனி லோக்கல் கணக்கு திறப்பதே நல்லது.

இசட் டிரைவை விடாமல் பிடித்திருப்பது

மென்பொருளைச் சர்வீஸாக ஓட்டாமல், லாகின் செய்த ஆளின் பெயரிலேயே ஓட்டலாம். 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தால் டிரைவ் காணாமல் போகிறதென்றால், ரெஜிஸ்ட்ரியின் பாலிசீஸ், சிஸ்டம் பகுதியில் 'எனேபிள் லிங்க்டு கனெக்‌ஷன்ஸ்' என்ற மதிப்பை 1 ஆக வைத்துக் கணினியை மறுதொடக்கம் செய்தால் தெரியும். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம் இதுதான். ஆனால் சர்வீஸுக்கு இது எதுவும் செய்யாது. சாதாரண லாகினுக்கும் அட்மின் அனுமதிக்கும் இடையே உள்ள சுவரில் ஒரு ஓட்டை போடும், அவ்வளவே.

இரவில் யாரும் லாகினில் இல்லையென்றால் பேக்கப்பும் இல்லை. அதைவிடப் பெரிய குறை, பேக்கப் இருக்கும் இடம் பகல் முழுக்க எழுதும் உரிமையோடு ஒரு டிரைவாகத் தொங்கிக்கொண்டிருப்பது. ரேன்சம்வேர் சி, டி என்று பூட்டிக்கொண்டே வந்து இசட்டையும் பூட்டும். தற்காலிகமாக ஒரு நாள் ஓட்டலாம். நிரந்தர ஏற்பாடாக இதைச் சிபாரிசு செய்ய முடியாது.

முழுப் பாதையும் தனிப் பயனரும்

டூப்ளிகாட்டி, வீம் ஏஜென்ட் போன்ற பேக்கப் மென்பொருள்களில் சேருமிடமாக முழு நெட்வொர்க் பாதையையும், அதற்கான பயனர் பெயர், பாஸ்வேர்டையும் ஜாப்பிலேயே (எதை, எங்கே, எப்போது எடுப்பது என்ற அமைப்பில்) எழுதலாம். மென்பொருள் யார் பெயரில் ஓடினாலும் நாஸின் வாசலில் நீட்டுவது அந்தச் சீட்டைத்தான். செலவில்லை, அரை மணி வேலை.

நாஸில் 'பேக்கப்' போன்ற பெயரில் ஒரு பயனரைத் திறந்து, ஒரே ஒரு ஷேரில் மட்டும் படிக்க, எழுத அனுமதி கொடுங்கள். அந்த ஷேரில் ஊழியர்கள் எவருக்கும், முதலாளியின் அன்றாட லாகின் உட்பட, அனுமதி கூடாது. ஜாப்பில் பயனர் பெயரை வெறுமனே எழுதாமல் நாஸின் பெயர், பின்சாய்வுக்கோடு, பயனர் பெயர் என்று எழுதுங்கள். வெறும் பெயரைக் கொடுத்தால் விண்டோஸ் தன் கணினியின் பெயரை முன்னால் ஒட்டி அனுப்புவதும், எதிர்ப்பக்கம் முழிப்பதும் நடக்கும்.

சேருமிடம் நாஸாக இல்லாமல் இன்னொரு விண்டோஸ் கணினியாக இருந்தால் ஒரு நாள் கணக்கு உண்டு. லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டு இயல்பாக 42 நாளில் காலாவதியாகும். திரையின் முன் உட்காருபவருக்கு 'மாற்று' என்று அறிவிப்பு வரும். பேக்கப் கணக்கில் யாரும் உட்காருவதில்லை. ஒன்றரை மாதம் ஒழுங்காக ஓடிய பேக்கப் திடீரென்று 43ஆம் நாள் நிற்பதன் ரகசியம் இதுதான். 'பாஸ்வேர்டு நெவர் எக்ஸ்பயர்ஸ்' பெட்டியைக் குறியிடுங்கள். ஹோம் பதிப்பில் அந்தத் திரையே இல்லை. பவர்ஷெல்லில் செட்-லோக்கல்யூசர் கட்டளைதான் வழி.

மென்பொருளில் பாஸ்வேர்டு எழுத இடமே இல்லையென்றால், இரண்டு பக்கமும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டில் கணக்கு திறந்து, சர்வீசஸ் திரையின் 'லாக் ஆன்' தாவலில் அந்தக் கணக்கைப் போடுங்கள். 'லாக் ஆன் ஆஸ் எ சர்வீஸ்' உரிமையை அந்தத் திரையே சேர்த்துவிடும். கிரெடென்ஷியல் மேனேஜரில் பாஸ்வேர்டைச் சேமித்தேன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க: அது சேமித்தவருக்கு மட்டுமே பயன்படும்.

டாஸ்க் ஷெட்யூலரும் ரோபோகாப்பியும்

மென்பொருளே வேண்டாம், விண்டோஸிலேயே உள்ள நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியை டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்து ஓட்டினால் போதும் என்பவர்கள் உண்டு. எளிமைக்கு ஈடில்லை: எடுத்துவைத்த கோப்பை அப்படியே திறந்து பார்க்கலாம். ஆனால் பொறிகள் வரிசையாக நிற்கின்றன.

டாஸ்க்கை உருவாக்கும்போது 'லாகின் இல்லாவிட்டாலும் ஓடு' என்பதைத் தேர்ந்து, அதன் கீழேயுள்ள 'பாஸ்வேர்டைச் சேமிக்காதே' என்பதையும் குறியிட்டால் கதை முடிந்தது. அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே 'இந்தக் கணினியின் உள்ளே மட்டும் அணுகல்' என்று எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை. டாஸ்க் ஓடும், நெட்வொர்க் மட்டும் இருக்காது.

அடுத்தது, யாரோ திறந்துவைத்துவிட்டுப் போன கோப்பு. ரோபோகாப்பியின் இயல்பு, ஒரு கோப்பு கிடைக்காவிட்டால் 30 விநாடி காத்திருந்து பத்து லட்சம் முறை முயல்வது. பெருக்கிப் பாருங்கள்: ஒரே கோப்புக்கு 347 நாள். மறுமுயற்சியை 2, காத்திருப்பை 5 விநாடி என்று கட்டாயம் குறைக்க வேண்டும். லினக்ஸ் நாஸுக்கு எழுதும்போது 'எஃப்எஃப்டி' சுவிட்சும் வேண்டும். நேரக் குறிப்பில் இரண்டு விநாடி வரை வித்தியாசம் இருந்தாலும் ஒன்றே என்று கொள்ளச் சொல்வது அது. இல்லாவிட்டால் மாறாத கோப்புகளையும் தினமும் புதிதாக நகல் எடுத்துக்கொண்டிருக்க நேரும்.

காலையில் ஷெட்யூலர் 0x1 என்று காட்டினால் பதற வேண்டாம். ரோபோகாப்பியில் 1 என்றால் 'நகல் எடுத்தேன்' என்று பொருள். 8 முதல்தான் தோல்வி. 'மிர்' சுவிட்சைப் பற்றி மட்டும் பதறுங்கள். மூலத்தில் அழிந்ததை அது நகலிலும் அழிக்கும். ரேன்சம்வேர் பூட்டிய கோப்பையும் விசுவாசமாக நகல் எடுக்கும். நாஸில் ஸ்னாப்ஷாட் (பழைய நிலைக்குத் திரும்பும்) வசதி இல்லாதவர்கள் மிர் பக்கமே போக வேண்டாம். கிழமைக்கு ஒரு ஃபோல்டர் என்று ஏழு வைத்துக்கொள்ளலாம்.

டேட்டா இருக்கும் கணினியிலேயே ஏஜென்ட்

இதுவரை சொன்னவை சேருமிடத்துக்கான ஷேர். பல அலுவலகங்களில் மூலமும் ஷேர்தான்: மேனேஜர் கணினியில் உட்கார்ந்திருக்கும் மென்பொருள், டாலி கணினியின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக எட்டிப் படிக்கும். அனுமதியைச் சரிசெய்தாலும் இந்த ஏற்பாடு முழுமையாகாது, காரணம் விஎஸ்எஸ். திறந்திருக்கும் கோப்புகளை ஒரே கணத்தில் உறையவைத்துப் படமெடுக்கும் விண்டோஸின் இந்த வசதி, டிஸ்க் இருக்கும் கணினியில்தான் இயல்பாக வேலை செய்யும். ஷேருக்கு அதை நீட்டும் வசதி விண்டோஸ் சர்வர் 2012 முதல் உண்டு. சாதாரண விண்டோஸ் 10, 11 கணினியை ஃபைல் சர்வராக வைத்திருப்பவர்களுக்கு அது இல்லை. ஆகவே டாலி திறந்திருந்தால் ஷேர் வழி பேக்கப் சில கோப்புகளைத் தவறவிடும், அல்லது ஒரு கோப்பை 11.02க்கும் அடுத்ததை 11.05க்கும் எடுக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனால் மீட்டெடுத்த கம்பெனி திறக்காது.

ஏஜென்டை, அதாவது பேக்கப் எடுக்கும் மென்பொருளை, டாலி கணினியிலேயே நிறுவினால் மூலம் உள்ளூர் டிஸ்க். மூலத்துக்கான ஷேரே தேவையில்லை, லோக்கல் சிஸ்டத்துக்கு எல்லா உரிமையும் உண்டு. மீதி ஒரே வாசல், நாஸ். அதற்கு முன்பு சொன்ன தனிப் பயனர். உறையவைத்த படத்திலும் கோப்புகள் திடீரென்று மின்சாரம் போனால் இருக்கும் நிலையில்தான் இருக்கும் என்பதால், டாலியை மூடிய பிறகான நேரத்துக்கே ஜாப்பை வையுங்கள். விலை என்னவென்றால், கணினிக்கு ஒரு நிறுவல், ஒரு ஜாப், ஒரு கவனிப்பு. மூன்று கணினிக்குச் சுமை தெரியாது, பதினைந்துக்குத் தெரியும்.

நாஸே வந்து எடுத்துக்கொள்வது

சாவிக் கேள்விக்கு நல்ல பதில் இதில் கிடைக்கிறது. நாஸ் கணினியிடம் வந்து டேட்டாவை எடுத்துப்போகும்; பேக்கப் ஷேரின் பாஸ்வேர்டு எந்தக் கணினியிலும் இருக்காது. கணினி வீழ்ந்தாலும் அங்கிருந்து பேக்கப்புக்குப் பாதை இல்லை. சினாலஜியின் ஆக்டிவ் பேக்கப் ஃபார் பிசினஸ் கணினியில் ஏஜென்ட் போட்டு இப்படி வேலை செய்யும், தனிக் கட்டணம் இல்லை. ஆனால் நாஸில் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் வேண்டும், பெரும்பாலும் பிளஸ் வரிசைப் பெட்டிகள். விலை குறைந்த 'ஜே' வரிசையை வாங்கிவிட்டு இதைத் தேடினால் கிடைக்காது. பெட்டி வாங்கும் முன் இந்த ஒரு வரியைச் சரிபார்த்தால் பின்னால் தலைவலி இல்லை.

ஏஜென்ட் இல்லாமல் நாஸ் வெறும் ஷேர் வழியாக இழுத்தால் பழைய தொல்லைகள் திசைமாறித் திரும்பி வரும். கணினி தூங்கிவிட்டால் 53. சி டாலர் ஷேர் (அட்மினுக்காக விண்டோஸ் தானே திறந்துவைக்கும் சி டிரைவ்) வழியாக லோக்கல் அட்மின் பெயரில் போனால், சரியான பாஸ்வேர்டுக்கும் 5 வரும். தொலைவிலிருந்து வரும் லோக்கல் அட்மினின் அதிகாரத்தை யூஏசி என்ற விண்டோஸ் காவல் பறித்துவிடுகிறது. அதற்கு ரெஜிஸ்ட்ரியைத் திறக்காமல், வேண்டிய ஃபோல்டரை மட்டும் படிக்கும் உரிமையோடு ஷேர் செய்யுங்கள்.

ஷேரே வேண்டாம் என்று எஸ்எஃப்டிபி (குறியாக்கத்தோடு கோப்பு அனுப்பும் முறை) வழி எழுதுவதும் உண்டு. டூப்ளிகாட்டிக்கு அது தெரியும், 22ஆம் போர்ட் போதும், டிரைவ் எழுத்துத் தொல்லை கிடையாது. சின்ன நாஸின் பலவீனமான சிப்பில் மெதுவாகும்.

எந்த வழியிலும் செய்யக் கூடாதவை

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு, நேற்று வரை ஓடிய பழைய நாஸ் நின்றுபோனது பல இடங்களில் பார்க்கிற காட்சி. அந்தப் பதிப்பிலிருந்து புரோ கணினிகள், ஷேர் ஃபோல்டர்கள் பேசும் எஸ்எம்பி மொழியில் ஒவ்வொரு செய்திக்கும் கையொப்பம் (எஸ்எம்பி சைனிங்) கட்டாயமாகக் கேட்கின்றன. பாஸ்வேர்டில்லாத கெஸ்ட் நுழைவையும் மறுக்கின்றன. கெஸ்ட் இணைப்பில் சைனிங் சாத்தியமே இல்லை. இரண்டையும் அணைக்கும் கட்டளை எளிதாகக் கிடைக்கும், ஆனால் மாற்ற வேண்டியது நாஸை: ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, எஸ்எம்பி அமைப்பில் சைனிங்கை இயக்கி, கெஸ்டை விட்டுப் பெயருள்ள பயனருக்கு வாருங்கள். பழைய எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த பெட்டியென்றால் அதற்கு ஓய்வு கொடுங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது அந்த வாசல் வழியாகத்தான். அதே ஆண்டின் இறுதியிலிருந்து விண்டோஸ் 10 அதை இயல்பாக நிறுவுவதை விட்டுவிட்டது. 'எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்' கொடுப்பதும் வீண்: நாஸ் அறியாத லோக்கல் சிஸ்டம் அந்த 'எவ்ரிஒன்' கணக்கிலும் சேராது.

யாருக்கு எது

டாலி ஒரு கணினியில், மற்றவை அதைப் பார்ப்பவை என்றால் அந்த ஒரு கணினியில் ஏஜென்ட், நாஸில் தனிப் பயனர். வேறு யோசனை தேவையில்லை. எட்டுப் பத்துக் கணினிகளில் டேட்டா சிதறியிருந்தால் நாஸ் இழுக்கும் பெட்டிக்குச் செலவிடுவது தகும். படங்களும் பிடிஎஃப்களும் மட்டுமே உள்ள ஸ்டுடியோ, ஸ்கேன் சென்டருக்கு முழுப் பாதை முறையோ ரோபோகாப்பியோ போதும். அங்கே திறந்த கோப்புத் தொல்லை குறைவு.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கடை உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. ஜிஎஸ்டியில் தமிழ்நாட்டின் மாநில எண் 33, புதுச்சேரியின் எண் 34. இரண்டு பதிவு, பெரும்பாலும் டாலியிலும் இரண்டு கம்பெனி. இரண்டையும் ஒரே ஜாப்பில் போடாமல் தனித்தனியாக வைத்தால் ஒன்று தோற்கும்போது மற்றது நிற்காது. இந்தக் கடைக்கு அந்தக் கடை வெளியூர் நகல் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 2011 டிசம்பரில் 'தானே' புயல் இரண்டு ஊரையும் ஒன்றாகத்தான் அடித்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம். மூன்றாவது நகல் ஒன்று குறியாக்கம் செய்து கிளவுடிலோ, திருச்சி போல் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரிலோ இருக்கட்டும். நாஸ் மேசைக்குக் கீழே இருந்தால் இன்றே மேலே ஏற்றுங்கள்.

கடற்கரையை ஒட்டிய அலுவலகத்தில் பேக்கப் விடிந்தும் முடியாமல் பாதியில் அறுந்தால், நாஸின் நெட்வொர்க் பக்கத்தில் வேகத்தைப் பாருங்கள். உப்புக் காற்றில் ஆர்ஜே45 முனையின் தொடுபுள்ளிகள் பச்சை பூத்து, ஜிகாபிட் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கும். 200 ஜிபி அரை மணியில் முடிவதற்குப் பதில் ஐந்து மணி நேரம் பிடிக்கும். முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தால் தீர்ந்தது.

கடைசியாக, தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு பிழை. நாஸின் லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் குறி. 'கடலூர்' என்று எழுதினால் ஆறு குறி, 18 பைட். 'புதுச்சேரி' 30 பைட். ஆக 85 குறிகளுக்கு மேல் போன பெயரை விண்டோஸ் ஏற்கும், நாஸ் ஏற்காது. சினாலஜியில் குறியாக்கம் செய்த ஷேர்ட் ஃபோல்டரானால் வரம்பு 143 பைட்டாகச் சுருங்கும்; தமிழில் 47 குறி. பத்திரப் பதிவு நகல்களுக்குச் சர்வே எண், ஊர், பெயர், தேதி எல்லாம் சேர்த்துப் பெயரிடும் அலுவலகத்தில் அதை எட்டுவது சுலபம். ஆயிரம் கோப்பில் பதினைந்து மட்டும் தினமும் விடுபட்டால் அனுமதியைக் குடையாமல் பெயரின் நீளத்தை எண்ணுங்கள். கோப்புகளைத் தனித்தனியாக எழுதும் ரோபோகாப்பிக்கு இது முட்டுச்சுவர். எல்லாவற்றையும் ஒரே இமேஜ் கோப்பாகக் கட்டி எழுதும் ஏஜென்டுக்கு உள்ளே இருக்கும் பெயர் எவ்வளவு நீண்டாலும் கவலை இல்லை.